ஓட்டை போட்ட பால் டின்

தம்பி,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன், கன்னம் உப்பி நன்றாகத்தான் இருக்கிறாய். பாச்சாங்கில் உன் வீட்டு வாசலில் நான் செருப்பை மாட்டும்போது, "ஏம்மா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? சாயங்காலம் நானே கார்ல கொண்டுபோய் விடறேன்லா" என்றாய். முழங்கால் வலி, பஸ் போய்விடும், கோழிக்குத் தீனி போடவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அத்தனையும் பொய். உன் வாயிலிருந்து விழுந்த ஒரு பேச்சைக் கேட்டபிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிம்பாங் அம்பாட் வந்து சேரும்வரை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த சீனத்தி எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். இதை போனில் சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே சொல்ல அதைவிட முடியாது, பெற்ற மகனிடம் பேசக் கூசுகிற விஷயம். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடாதே.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் கலாவுக்கு ஷிப்டு வேலை, முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டே பாட்டிலில் மாவுப்பால் கலக்கினாள். பிள்ளை வீல் வீல் என்று கத்துகிறது. நீ பேப்பரை விரித்துக்கொண்டு காலை ஆட்டியபடி சொன்னாய்: "எங்கம்மா தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிக்கிட்டே எனக்கு ரெண்டு வயசு வரைக்கும் பால் கொடுத்தாங்க தெரியுமா? கம்யூனிஸ்ட் காலத்துல! உனக்கு ஏர்கான் போட்ட பெக்டரில உக்காந்துகிட்டு முடியலயா?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய், சாட்சிக்கு. நானும் தலையாட்டினேன். பழக்கதோஷம். இத்தனை வருஷமாக நீ அதைச் சொல்லும்போதெல்லாம் ஆட்டிய தலை, தானாக ஆடிவிட்டது. கலா பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே குனிந்துகொண்டாள்.

பிறகு அடுப்படிக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதாள். "அத்தை, எனக்குப் பால் இல்லாம இல்ல. வேலைல நிக்கறப்பவே மாரு கல்லாட்டம் ஆயிடும். சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி டாய்லெட்டுக்குப் போயி, பேசின்ல பிழிஞ்சு ஊத்திட்டு வர்றேன். தண்ணியத் தொறந்து விடறப்ப அது வெள்ளையா போறதப் பாத்தா வயிறு எரியும். இப்ப அதுவும் கொறைஞ்சு போச்சு. கிளினிக் நர்ஸ் மிஸி செவுத்துல இருக்கிற போஸ்டரக் காட்டி, தாய்ப்பால்தான் நல்லதுங்கறாங்க. அவர் நீங்க கொடுத்தத சொல்லிக் காட்டறாரு. நல்லதுன்னு எனக்குத் தெரியாதா அத்தை? நான் என்ன செய்யட்டும்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பூண்டு நெறையா சாப்பிடும்மா" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னது ஒவ்வொன்றும் என் உடம்பில் நடந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

நீ பிறந்தது ரெம்பியாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் என்றால் உனக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பக்கம். எங்களுக்கு அது முள்கம்பி. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் சோறு கொடுத்துவிடுவார்கள் என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த எங்கள் லய வீடுகளை இடித்து, எங்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குடிவைத்து, சுற்றிலும் வேலி போட்டார்கள். போக வர ஒரே கேட். கேட்டில் தோட்டத்துக் காவலுக்கென்று எடுத்த போலீஸ் மாத்தாக்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். வெளிச்சம் வந்தபிறகுதான் கேட் திறக்கும். வேலைக்குப் போகும்போது வாளி, சாக்கு, தலைத்துண்டு எல்லாவற்றையும் உதறிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது, ஒரு துண்டு ரொட்டி போகக்கூடாது. பொம்பளைகளைத் தடவிப் பார்க்க ஒரு பொம்பளையை வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, அவள் கை பட்டதும் ரவிக்கை நனைந்துவிடும். அடுத்த வீட்டு அஞ்சலையும் கைக்குழந்தைக்காரிதான், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "இதுவும் சாப்பாடுதான் தாயி, இதையும் புடுங்கி வெச்சுக்க" என்று ஒருநாள் சொன்னாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற ஆம்பளைகள்கூடச் சிரித்துவிட்டார்கள். அப்போது எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் பட்டையைக் கீறிப் பால் எடுக்க மரம் வெட்டப் போவோம். கேட்டுக்குப் பக்கத்திலேயே அந்தக் கொட்டகை. வரிசையாகத் தொங்கும் ஏணைகள், அதில் வரிசையாக அழும் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் முனியம்மா ஆயா ஒருத்தி. எனக்கென்று கொடுத்த மரவரிசையை, என் நிரையை, வெட்டி முடித்ததும், மரத்தில் மாட்டிய மங்குகளில் பால் நிறைவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஓடுவேன் பார், அப்படி ஓடுவேன். அட்டை கடித்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்துவிட்டு, நீ உறிஞ்சி முடித்து ஏப்பம் விடுவதற்குள் முனியம்மா ஆயா கையில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடுவேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைப் பார்த்தாலும் பார்க்காதவர்போல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நீ அப்போது நன்றாக இருந்தாய். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. "ஐயாவுக்குக் கண்ணு படப்போகுது" என்று அஞ்சலை தினமும் உனக்குத் திருஷ்டி கழிப்பாள்.

பிறகு பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே கேட்டில் உத்தரவு மாறிவிட்டது. காலையில் வெளியே போனவர்கள் ரப்பர் பாலை எடை போட்டு முடித்துவிட்டு ஒன்றாகத்தான் உள்ளே வரவேண்டும், நடுவில் யாருக்கும் கேட் திறக்காது. பிள்ளைக்காரிகளுக்கும்தான். நாங்கள் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கேட்டோம். அவர் துரையிடம் சொன்னார். துரை, போலீஸ் உத்தரவு, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஒருத்தர் கையிலும் ஒன்றும் இல்லை, தம்பி. அந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் அவருக்கு மேலே ஒருத்தர் இருந்தார்.

உத்தரவு வந்த முதல் வாரம். உனக்குப் பசிக்கும் நேரம் என் உடம்புக்குத் தெரியும். மரத்தடியில் குனிந்து நிற்கும்போதே சுரக்க ஆரம்பித்துவிடும். ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, வயிறு வரை ஒழுகும். வலி தாங்காமல் மரத்துக்குப் பின்னால் போய்ப் பிழிந்து தரையில் விடுவேன். ஈ வந்து மொய்க்கும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கலா பேசின் முன்னால் நிற்கிற மாதிரியேதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நிரையை விட்டுவிட்டு வேலியோரம் வந்துவிட்டேன். முனியம்மா ஆயாவைக் கூப்பிட்டு, உன்னை உள்பக்கத்திலிருந்து கம்பியோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன் வாய் என்னைத் தேடியது, எட்டவில்லை. இன்னும் நெருங்கினேன், முள் கிழித்துவிட்டது. அந்தத் தழும்பை உனக்குக் காட்ட முடியாது, இருக்கிறது. அதற்குள் கேட் மாத்தா ஓடி வந்தான். லெமான் என்று பேர், சின்னப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, "வேண்டாம் அக்கா, வேண்டாம். வேலி வழியா எதையும் கொடுக்கக்கூடாது. எனக்கு மேலே இருக்கிற துவான் பார்த்தால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்" என்று மலாயில் கெஞ்சினான். துப்பாக்கிக்காரன் என்னிடம் கெஞ்சினான். அவனைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. நீ கத்தக் கத்த நான் திரும்பி நடந்தேன்.

வேலையை விட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். வேலை செய்யாதவளுக்கு லயத்தில் இடம் ஏது, அரிசி ஏது? பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது, முருங்கைக்கீரை தின்றேன், பால்சுறா கருவாடு கிடைத்தபோது தின்றேன். உறிஞ்ச வாய் இல்லாத மாரில் எத்தனை நாள் பால் நிற்கும்? வற்றத் தொடங்கியது. சாயங்காலம் உன்னைப் போட்டால் நாலு உறிஞ்சு உறிஞ்சுவாய், பிறகு என் முகத்தைப் பார்த்து அழுவாய். அப்போது நீ இன்னும் பல் முளைக்காத பிள்ளை. ரெண்டு வயசு வரைக்கும் என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயே, அந்தக் கணக்கை உனக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

அப்புறம்தான் டின் பால். தோட்டத்துக் கடையில் வாங்கலாம், ஆனால் டின்னை அப்படியே கொடுக்க மாட்டார்கள். கடைக்காரர் நம் கண்ணெதிரே ஆணி வைத்து அடித்து மேலே இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். அது அப்போதைய சட்டம். ஓட்டை போட்ட டின் கெட்டுப்போகும், காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. காட்டில் இருந்தவனுக்குக் கெட்டதோ இல்லையோ, எங்கள் பிள்ளைகளுக்குக் கெட்டது. கெட்டியான இனிப்புப் பால், வெயில், தகரக்கூரை. எறும்பு சாரை சாரையாக வரும். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டின்னை வைத்தாலும், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் கயிற்றின் வழியாக, சுவரின் வழியாக வந்து விழும். ஓட்டைக்குள் விழுந்து செத்ததை எடுக்கவும் முடியாது. சிக்கனத்துக்காக நிறையத் தண்ணீர் கலப்போம். பிள்ளைகளுக்கு ஒன்று மாற்றி ஒன்று பேதி. அஞ்சலையின் பெண்குழந்தை அப்படித்தான் போனது. வாய் ஓயாத அஞ்சலை அதற்குப்பிறகு வெகுநாள் பேசவில்லை, உனக்குத் திருஷ்டி கழிப்பதையும் விட்டுவிட்டாள்.

அஞ்சலை பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றுதான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. மரம் வெட்டுகிறவனுக்கு எந்த ஓட்டையை அடைப்பதென்றாலும் வேறு என்ன தோன்றும்? கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ரப்பர் பால் கொண்டுவந்து, டின்னின் இரண்டு ஓட்டைகள் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். காய்ந்ததும் தோல்போல இறுகி மூடிக்கொண்டது. வேண்டும்போது நகத்தால் உரிக்கலாம், ஊற்றிவிட்டு மறுபடி ஒரு சொட்டு. "இப்ப எறும்பு எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். எறும்பு வரவில்லை. கைக்குழந்தை இருந்த வீடுகளுக்கெல்லாம் கொட்டாங்கச்சியோடு போய் அவரே அடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

லயத்தைச் சோதனை போட லாரியில் வந்து இறங்கினார்கள். அடிக்கடி நடப்பதுதான், பானை சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு டின்னைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை போட்ட டின்னை எவன் திரும்ப அடைப்பான்? காட்டுக்கு அனுப்பி வைக்கிறவன்தான் அடைப்பான் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. அடுத்த வீட்டில் ஒன்று, அதற்கடுத்த வீட்டில் ஒன்று, எல்லாம் ஒரே மாதிரி அடைத்த டின். யார் செய்தது என்று கேட்டார்கள். உன் அப்பாவே முன்னால் வந்து நின்றார், ஏதோ பாராட்டப் போகிறார்கள் என்பது மாதிரி. அவருக்கு நிரை காட்டோரம் வேறு. அது போதுமே. அவருக்குத் தெரிந்த மலாய் எல்லாம் அந்த நேரத்தில் தொண்டைக்குள் போய்விட்டது. எறும்பு என்பதற்கான ஒரே ஒரு சொல்தான் வந்தது. "செமூட், துவான், செமூட்." கையைப் பின்னால் கட்டும்போதும் செமூட். லாரியில் ஏற்றும்போதும் செமூட். நான் உன்னைத் தூக்கிக் காட்டி, பிள்ளைக்கு, பிள்ளைக்கு என்று தமிழில் கத்தினேன். லாரி அலோர் காஜா ரோட்டில் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு டின் பால் கொடுக்கக் கடைக்காரர் பயந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. லயத்தில் என்னோடு பேசவே பயந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் போனேன். கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "தாய்ப்பால் கொடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். பால் இல்லை ஐயா என்றேன். "கவலைப்படாம இருந்தா பால் வரும்" என்றார். புருஷன் லாக்கப்பில் இருக்கிறான், பிள்ளை கையில் துவண்டு கிடக்கிறது, கவலைப்படாமல் இருக்க வேண்டுமாம். கும்பிட்டுவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வது? கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து உன் வாயில் பிழிந்தேன். நீ அழுவதை நிறுத்திவிட்டாய். அதுதான் எனக்குப் பெரிய பயம். அழாத பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி மரம் வெட்டப் போனேன், தம்பி. போகாமல் இருக்க முடியவில்லை. நிரையில் நின்று எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூடத் தெரியாமல், வெட்டு வெட்டு என்று வெட்டினேன்.

இனி எழுதப்போவதுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடிசையில் லெமான் தன் பொஞ்சாதியோடு இருந்தான். ரொக்கியா என்று பேர். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை, நோர் என்று கூப்பிடுவாள். கொட்டகையின் சத்தம் அவள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். உன் அழுகைச் சத்தம் கேட்கிறதே என்று இத்தனை நாள் இருந்தவள், அது நின்றுபோனதும் எழுந்து வந்துவிட்டாள். நான் வேலை முடிந்து உள்ளே வந்தபோது கொட்டகை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். முனியம்மா ஆயா எவ்வளவோ சொல்லியும், நான் வராமல் உன்னைத் தொட மாட்டேன் என்றுவிட்டாளாம். அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "என் புருஷனிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் நீ ஒன்று தெரிந்துகொள். நான் பால் கொடுத்தால் இவன் எனக்கும் பிள்ளை. என் மகளும் இவனும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. நாளைக்கு வளர்ந்து இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது. எங்கள் வழக்கம் அது. உனக்குச் சம்மதம்தானா?"

நாளைக்கு இருப்பாயோ மாட்டாயோ என்று நான் நிற்கிறேன், அவள் உன் கல்யாணத்தைப் பேசுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இந்தப் பிள்ளை வளரும், மீசை முளைக்கும், பெண் தேடும் என்று அந்த ஒருத்திதான் அன்றைக்கு நம்பினாள். உன்னை எடுத்து அவள் மடியில் போட்டேன். முதலில் உனக்கு உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. அவள் பிழிந்து பிழிந்து உன் உதட்டில் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உன் தொண்டை அசைந்தது. முனியம்மா ஆயா, "குடிக்கிறான்டி, குடிக்கிறான்டி" என்று என் முதுகில் அடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லயம் சும்மா இருக்குமா? துலுக்கச்சி பாலைக் கொடுத்துப் பிள்ளையை மாற்றிவிட்டாள் என்றார்கள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போனவனுங்க வீட்டுப் பாலா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஒருத்தரும் கேட்காததை நான் சொல்கிறேன், கேள். எனக்குப் பொறாமை. சாயங்காலம் வற்றிய மாரில் உன்னைப் போட்டால் நீ தலையைத் திருப்பிக்கொள்வாய். அவள் குரல் கேட்டால் காலை உதைத்துச் சிரிப்பாய். ஒரு பக்கம் நோர், ஒரு பக்கம் நீ என்று அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, கையெடுத்துக் கும்பிட வேண்டியவளைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று வரும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, கொடுத்து முடித்ததும் உன்னை மடியில் வைத்துக் கொஞ்சாமல் உடனே முனியம்மா ஆயாவிடம் நீட்டிவிடுவாள். "பெரியவன் ஆனதும் சொல்லிவிடு, உனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள் என்று" என்பாள். சொல்கிறேன் சொல்கிறேன் என்பேன்.

நீ கஞ்சி குடிக்கப் பழகியிருந்த சமயம். ஒருநாள் நிரை முடிந்து வருகிறேன், கேட்டில் வேறு மாத்தா நிற்கிறான். குடிசை திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு சாமான் இல்லை. லெமானை மாற்றிவிட்டார்கள், லாரி வந்து ஏற்றிப் போய்விட்டது. முனியம்மா ஆயாதான் சொன்னாள், அவள் கொட்டகைக்கு ஓடி வந்து உனக்குக் கடைசியாக ஒருவாய் பால் கொடுத்துவிட்டு, நான் வருவேனா என்று வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். கேட்டுக்கு வெளியே நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். எந்த ஊருக்கு என்று புது மாத்தாவிடம் கேட்டேன். உனக்கு எதற்கு என்றான். அத்தோடு சரி.

உன் அப்பா அதற்கும் சில மாதம் கழித்துத்தான் வந்தார். குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். உள்ளே என்ன நடந்தது என்று சாகும்வரை சொல்லவில்லை. உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எப்படிடி பொழைச்சான்?" என்று கேட்டார். சொன்னேன். "இத யார்கிட்டயும் சொல்லாத. என் பிள்ளைக்கு நான் ஒரு டின் பால்கூட ஒழுங்கா கொடுக்கலன்னு ஆயிடும்" என்றார். மலாக்காவில் கெடுபிடி தளர்ந்து, வேலியைப் பிரித்து, நாம் டவுனுக்கு வந்தபிறகும் அந்தப் பேச்சு அவரோடு வந்தது. கடைக்குப் போனால் அப்பா எப்போதும் பால் இல்லாத தே ஓ-தான் கேட்பார் என்று நீ கேலி செய்வாயே, "பால் தேத்தண்ணி குடிச்சா என்னப்பா, காசா கொறைஞ்சிடும்?" என்று. கடைக்காரன் டின்னைக் கையில் எடுத்து, ஓட்டை வழியாகப் பாலை ஊற்றுவதை அவரால் பார்க்க முடியாது. அதனால்தான் கதவுப் பக்கம் திரும்பி உட்காருவார்.

அவருக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதலாம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகிறது? எனக்காகவும்தான் சொல்லவில்லை. அம்மா பால், அம்மா பால் என்று நீ பெருமை பேசும்போது எனக்கு இனித்தது. அந்த இனிப்பு உன் பொஞ்சாதி தலையில் கல்லாக விழும் என்று நான் கண்டேனா?

நோர் இப்போது உன்னைப்போலவே பிள்ளைகுட்டியோடு எங்காவது இருப்பாள். மலாக்கா பாசாரில் எனக்கு எதிரே வந்தால்கூட எனக்குத் தெரியாது. எங்கே போய்த் தேடுவது, யாரைக் கேட்பது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதேபோல, கலாவுக்கு என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன், சொல்ல ஒன்றும் இல்லை. அந்த பெக்டரி கேட்டை உன்னால் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. சூப்பர்வைசரைக் கேட்டால் மேனேஜர் என்பான், மேனேஜரைக் கேட்டால் அவனுக்கு மேலே ஒருத்தன் இருப்பான். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். வேலையை விடச் சொல்லவும் மனசு வரவில்லை, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாதா? உன் கையால் ஆவது கொஞ்சம்தான். பாட்டிலை நீ கழுவு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. மாவுப்பால் டின்னை அழுத்தி மூடு. வேலை விட்டு வந்ததும் அவள் மடியில் பிள்ளையைப் போட்டு, வருகிற மட்டும் வரட்டும் என்று விடு. வராவிட்டால் அவள் முகத்தைப் பார்க்காதே. பூண்டு, கீரை என்று யாராவது யோசனை சொல்ல வந்தால் வாசலோடு அனுப்பு, நான் வந்தாலும் அனுப்பு.

ஆமாம் என்று நான் ஆட்டிய தலையை இனி இல்லை என்று திரும்ப ஆட்ட முடியாது. எனக்காக நீ ஒன்று செய். நாளைக்குக் கலா யூனிபாரத்தோடு வந்து அந்தப் பாட்டிலைக் கையில் எடுப்பாள் இல்லையா, அப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லு:

"எங்கம்மாவாலயும் முடியல, கலா."